இதே நாளில் பதிவான பாட்டு

அக்கா: ...ரேடியோ ஸ்டேஷன்லருந்து சாப்பிடாம நேரா தையல் கடைக்கே வந்துட்டியா? மூஞ்சி ஏன்டா தொங்குது?

தம்பி: ஒண்ணுமில்லக்கா. நீ தை.

அக்கா: காலர் திரும்பற இடம். கண்ணு இங்க, காது உங்கிட்ட. சொல்லு.

தம்பி: காலையில என் நிகழ்ச்சி... கேட்டியா?

அக்கா: ‘இசையில் இதே நாள்’தானே? கேட்காம? யாரோ ஒரு பியானோக்காரர் பொறந்த நாள், இன்னொருத்தர் மேடையிலேயே வயலினோட சரிஞ்ச நாள். எவன் பொறந்தாலும் எவன் செத்தாலும் உனக்குச் சம்பளம்.

தம்பி: கிண்டல் பண்ணாதக்கா.

அக்கா: அப்புறம் பாடகி குயிலம்மாவோட முதல் பாட்டு பதிவான நாள்னு சொல்லி, பாட்டையும் போட்ட. பக்கத்துக் கடை சாவிக்காரர் சொக்கிப் போயிட்டார்.

தம்பி: அது யார் குரல்னு அவர்கிட்ட சொன்னியா?

அக்கா: நான் எதுக்குச் சொல்லணும்? அன்னைக்கு நான் பாடினது ட்ராக். அவங்க வந்து கேட்டுப் பழகறதுக்காகப் பாடி வைக்கிறது. அவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, வரல. என் குரலே வெளிய போயிடுச்சு, அவங்க பேரோட. ஊர்ல நடக்காததா?

தம்பி: இன்னைக்கு உன் பேரைச் சொல்றேன்னு வாக்குக் குடுத்தேன்ல...

அக்கா: நேரம் பத்தியிருக்காது.

தம்பி: ஆமா... விளம்பரம் வந்துடுச்சு.

அக்கா: மழை வருமா வராதான்னு அவ்ளோ நேரம் பேசினியே?

தம்பி: எழுதி வச்ச உன் பேரை மேனேஜர் அடிச்சிட்டார்க்கா.

அக்கா: விளம்பரமா, மேனேஜரா? ஏதாவது ஒண்ணுல நில்லுடா.

தம்பி: ...யாரும் அடிக்கல. எழுதின பேப்பர் கையிலதான் இருந்துச்சு. உன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அக்கா: ஏன்?

தம்பி: இந்த வேலைக்குச் சிபாரிசு பண்ணதே குயிலம்மாதான். உங்கிட்ட மறைச்சிட்டேன். என் பேச்சு பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க, நானும் பல்ல இளிச்சிக்கிட்டு வாங்கிக்கிட்டேன். உன் குரலைத் தின்னவங்க போட்ட சோறு இது அக்கா.

அக்கா: உன் பேச்ச அவங்க எங்கடா கேட்டாங்க? நான்தான் அவங்க வாசல்ல போய் நின்னேன். தம்பிக்கு ஒரு வேலை பாத்துக் குடுங்க, அந்தப் பாட்டப் பத்தி சாகற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்.

தம்பி: அக்கா... அப்போ நான் சொல்லியிருந்தா?

அக்கா: வேலை போயிருக்கும்.

தம்பி: அப்போ நான் முழுங்கினதே நல்லதாப் போச்சு. நீ ஏன் கண்ணத் தொடைக்கிற?

அக்கா: நீ வாக்குக் குடுத்த அன்னைக்கே வேண்டாம்டான்னு தடுத்திருக்கலாம்... தடுக்கல. உன் வேலையே போனாலும் சரி, ஒரே ஒரு தடவை என் பேரைக் காதால கேட்டுடணும்னு இருந்துச்சுடா.