கறுக்காத ஆயில்

அதுதான் தப்பு மாப்ளே. ஆயில் கறுத்தாக் கெட்டுப்போச்சுன்னு ஒலகமே சொல்லுது, சொல்லிட்டாப்புல உண்மையாயிருமா? இந்த ஒரு மூடநம்பிக்கையால எத்தன நல்ல ஆயிலு அநியாயமாச் சாக்கடைக்குப் போயிருக்கு தெரியுமா? கறுத்த ஆயிலு வேல செஞ்ச ஆயிலு. என்ஜினுக்குள்ள இருக்கற கரிய எல்லாம் தன் மேல வாங்கிக்கிட்டுக் கறுக்குது. வண்டி ஓடியும் கறுக்காம இருக்கு பாரு, அதத்தான் சந்தேகப்படணும். எந்திரிக்காத முருகானந்தம், உக்காரு. கேரட் மூட்டைய அப்பறம் ஏத்திக்கலாம். உன் வேன் எங்கயும் ஓடிப்போயிராது.

இந்தா, இந்த டப்பாவ அடியில பிடி. நட்டக் கழட்டறேன். பாத்து, சுடும். அஞ்சு நிமிசம் என்ஜின ஓடவிட்டுத்தான் ஆயில எறக்கணும். வண்டியோட குடுத்த புஸ்தகத்துலயே போட்டிருக்கு, எவன் படிக்கறான்? பழைய புல்லட்டுல ஒரு வசதி மாப்ளே. என்ஜினுக்குத் தனி ஆயிலு, கியர்பாக்ஸுக்குத் தனி ஆயிலு. ரெண்டு பேரையும் தனித்தனியா விசாரிக்கலாம்.

ம், எறங்கிருச்சு. என்ன கலரு? சொல்லு. தெரியாமயா கேக்கறேன், உன் வாயால வரணும். தேன் கலரா? நல்லாப் பாத்துத்தான சொல்ற? சரி. இப்ப கியர்பாக்ஸ். இதுக்கு உன்னோட கண்ணு வேணாம். வெரலுக்கு நடுவுல வச்சுத் தேய்ச்சுப் பாரு. ஊத்துன அன்னைக்கி இருந்த மாதிரியே இருக்கா? ஒரு பொடி, ஒரு நறநறப்பு இருக்கா? இல்லேல்ல.

இப்ப மீட்டர வாசி. ஏலே, ஏன் மொகரையத் திருப்பற? சும்மா வாசி. முப்பத்தோராயிரத்து ஐநூத்தம்பது. அந்தச் செவத்துல கரிக்கட்டையால எழுதிருக்கு பாரு, உங்க அக்கா எழுதுனது, போன தடவ ஆயில் மாத்துன அன்னைக்கி. முப்பத்தோராயிரத்து எரநூறு. கழிச்சுப் பாரு. முந்நூத்தம்பது.

எனக்கு முட்டி வலி. ரெண்டு மாசமா வண்டியத் தொடல. நிறுத்தி வைக்கற வண்டிக்குப் புது ஆயில் ஊத்தித்தான் நிறுத்தணும், ஊத்தி நிறுத்துனேன். நின்ன வண்டி முந்நூத்தம்பது கிலோமீட்டர் போயிருக்கு. போன வண்டியில ஆயில் கறுக்கல, கியர் பல்லு தேயல. எப்படி?

நானே சொல்றேன். மீட்டர் கேபிள் முன் சக்கரத்துலருந்து வருது. என்ஜின் செத்துக் கெடந்தாலும் சக்கரம் உருண்டா மீட்டர் ஓடும். நம்ம மேட்டுத் தோட்டத்துலருந்து கீழ முக்கு வரைக்கும் ஏழு கிலோமீட்டர், ஒரே எறக்கம். ஏழால வகுத்தா அம்பது. அம்பது நாளு! சரி, மேல வந்தது எப்படி? மீட்டர் ஓடாம மேல வரணும்னா எதாவது ஒண்ணு சுமந்துக்கிட்டு வரணும். வெள்ளனே கேரட்டக் கொண்டுபோயி முக்குல லாரிக்கு மாத்திவிட்டுட்டு, நம்ம மன்னவனூருக்குக் காலியாத் திரும்பற வேன் யாருதுப்பா? ஹேண்டில்ல கயிறு கட்டுன தடம் இருக்கு, தடவிப் பாரு. ஸ்போக்குல கேரட் தழை. என் புல்லட்டு என்னைக்கிடா கேரட் தின்னுச்சு?

விக்கறதுக்கு யார்கிட்டக் காட்டுனீங்க? கொடைக்கானல்ல டூரிஸ்டுக்கு வாடகைக்கு விடறானே, அவன்கிட்டயா? பழைய புல்லட்டுன்னா பல்ல இளிச்சுக்கிட்டு வாங்குவானுங்க. வண்டிய வித்துட்டா இந்த ஆளு மூலையில கெடப்பான்னு அக்காவும் தம்பியும் பேசி முடிச்சுட்டீங்க. இந்த வண்டி போனா நான் யாரு மாப்ளே? பூண்டு மூட்டைக்குப் பக்கத்துல ஒரு மூட்ட. அம்புட்டுத்தான்.

என்னது? திரும்பச் சொல்லு.

அன்னக்கொடியா? உங்க அக்காவா ஓட்டுனா?

அம்பத்திரெண்டு வயசுல? சீலையோடயா? சுடிதாரா! அது வேற தச்சுக்கிட்டாளா. ஓ, என்ஜினப் போட்டா எனக்குக் கேட்டுரும்னு உருட்டுனீங்களா. சரிதான், கேட்டிருக்கும். நம்மாளுக புத்தி அதான, சைக்கிளக்கூட எறக்கத்துல விட்டுத்தான் பழகுவோம். பேலன்ஸ் வந்தா எல்லாம் வந்துருச்சும்போம். அம்பது நாளா எறங்க மட்டும் படிச்சா ஏறறது எப்ப? கியரத் தொடாம புல்லட்டு பழகுன ஆளு இந்த மலையில உங்க அக்கா ஒருத்திதான்.

எதுக்காம்? சொல்லு, கோவிச்சுக்க மாட்டேன்.

ம்.

அவளுக்கு எப்பருந்து தெரியும்? ஆரம்பத்துலருந்தேவா. காப்பி டம்ளர என் கைக்குள்ள வச்சு அமுக்கிட்டுத்தான் போவா, ரெண்டு மாசமா. நான் பாசம்னு நெனச்சேன்.

முட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. கல்லு மாதிரி. பின்ன எதுக்கு உன்னயக் கலரு கேட்டேன், மீட்டர வாசிக்கச் சொன்னேன்? ரெண்டு கண்ணுலயும் பால ஊத்துன மாதிரி கெடக்கு. உன் மூஞ்சியே கலங்கலாத்தான் தெரியுது, அதுல எனக்கு வருத்தமில்ல.

சரி, எறக்குன என்ஜின் ஆயிலத் திரும்ப ஊத்திட்டு, அந்த கியர் ஆயில் டப்பாவயும் எடுத்து நீயே ஊத்து. வெரசா ஊத்தாத, கெட்டி ஆயிலு, மெதுவாத்தான் எறங்கும். என்னயப் பின்னால வச்சுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான பழகறா, அந்த வழியெல்லாம் ஏத்தம். அதனால நாளைக்கி வண்டிய வேன்ல ஏத்தாத. ஃபர்ஸ்ட் கியர்ல அவளையே ஓட்டிட்டு வரச் சொல்லு, நீ பின்னால உக்காந்து சொல்லிக்குடு. நான் சொல்லிக்குடுத்தா வீட்டுல சோறு கெடைக்காது.

நான் வண்டிய நிறுத்துன அன்னைக்கா? அன்னைக்கி ஒண்ணும் பெருசா நடக்கல. பூம்பாறைப் பக்கம் ஒரு வளைவு. முன்னால ரோடு பூராவும் வெள்ளையா நின்னுச்சு. மூடுபனின்னு நெனச்சேன். பனிக்கெல்லாம் நின்னா நம்மூர்ல எந்தச் சோலியும் நடக்காது, ஹாரன அடிச்சிட்டு மெதுவா உள்ள விட்டேன். பனி கத்துச்சு. அழகுமலையோட செம்மறியாடுக. பிரேக்கு பிடிக்கலன்னு அவன்கிட்டச் சொல்லி வச்சேன். ஒரு கெடா இன்னும் நொண்டுது.