சின்ன வட்டத்தில் இருபது

டீ வேண்டாம் மேடம். டீ குடிக்காதவன் இல்லை. அந்த வாசனை வந்தாலே எனக்கு வேலை ஞாபகம் வந்துவிடும். புது வாட்ச் டயலைத் திக்கான டீத் தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தால், தாத்தா காலத்துப் பழுப்பு ஏறிவிடும். கொஞ்சம் அதிகமாக ஊறினால் மாட்டுச்சாணி நிறமாகிப் போகும். பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பெயர் தங்கசாமி. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு. ரெப்ளிகா வாட்ச் வாங்கி, பிரித்து, டயல், முள், கண்ணாடி எல்லாம் மாற்றி, பழங்காலத்துக் குரோனோகிராஃப் மாதிரி செய்து கொடுக்கிறேன். மணியும் காட்டும், பக்கத்துப் பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்சாகவும் ஓடும். ஒரிஜினல் என்று சொல்லி ஒருத்தரையும் ஏமாற்றியது கிடையாது. வாங்குகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் கொடுப்பேன். அந்த விஷயத்தில் என் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

உள்ளதை உள்ளபடி என்றேனே, அதில் ஒன்றை விளக்க வேண்டும். அந்தக் காலத்து வாட்சில் ஸ்டாப்வாட்ச் நிமிஷத்தைக் காட்ட டயலுக்குள் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதில் முப்பது வரை எழுதியிருக்கும். இப்போது கிடைக்கிற மெஷினில் அந்தச் சின்ன முள் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு மணி நேரம் எடுக்கும். அதன் மேல் முப்பது எழுதிய பழைய மாதிரி டயலை வைத்தால் பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் பாதிதான் காட்டும். பத்து என்று காட்டினால் உண்மையில் இருபது நிமிஷம் ஓடியிருக்கும். இது அழகுக்குத்தான், நேரம் கணக்குப் பார்க்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கல்யாண வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. அறுபது எழுதிய டயலும் வைத்திருக்கிறேன். அது சரியாகக் காட்டும், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

எனக்கு ஒரே மகள், கவிப்ரியா. நிற்கத் தெரிந்த நாளிலிருந்து என் மேஜைப் பக்கம்தான் நிற்பாள். டார்ச் பிடிப்பாள். முள் மாட்டும்போது மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று நான் மூச்சைப் பிடிப்பேன், பார்த்துவிட்டு அவளும் பிடிப்பாள். மாட்டி முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சை விட்டுச் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் மாட்டிய முள்ளைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறேன்.

மருதுபாண்டி என் மனைவி கோகிலாவின் தம்பி. சாயல்குடிப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவன். வெளிநாட்டில் வேலையில் இருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால், அவன் ஊர் வரும்வரை கவிக்குக் குத்தாமலே வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது. அவனை அதுவரை போனில்தான் பார்த்திருந்தாள். குலசாமி கோயிலில் ஊசியைக் கண்டதும் பயந்து அழுதாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். கூடியிருந்த சனம் மொத்தமும் சிரித்தது. பெற்றவன் மடியில் யார் காது குத்துவார்கள் என்று ஆசாரி கேட்டார். கவி அவன் மடியில் உட்கார்ந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடமே சொன்னாள்.

“மாமா மடியில வலிக்கவே இல்லப்பா.”

எனக்குப் பொறாமை, மேடம். கௌரவமாக வேறு வார்த்தை கிடைக்குமா என்று பார்த்தேன். இல்லை.

அவன் திரும்ப வெளிநாடு போகவில்லை. ஹாஜா முகைதீன் என்பவரின் படகில் சங்கு எடுக்கச் சேர்ந்தான். படகில் கம்ப்ரஸர் ஓடும், அதிலிருந்து ஓஸ் குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு அடியில் நடந்து சங்கு பொறுக்க வேண்டும். காற்றுக்குக் குறைவில்லை, நேரத்துக்குத்தான் அளவு உண்டு. அளவுக்கு மேல் இருந்துவிட்டு ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டி ஆளையே முடக்கிவிடும். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு எப்போது ஏற வேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும். இவன் கரிசல் காட்டுக்காரன், உடம்பு ஒன்றும் சொல்லாது. அதனால் ஹாஜா பாய் இருபது நிமிஷம் ஆனதும் மேலிருந்து கயிற்றை ஆட்டுவார். இவன் ஏறிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். சங்கும் சிப்பியும் கொண்டுவருவான். கவி அவனோடு வாசலில் உட்கார்ந்து அதையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். டார்ச் பிடிக்கக் கூப்பிட்டால் இந்தா வாரேன் என்பாள். வர மாட்டாள். கோகிலாவிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள், மாமா கடலுக்கடியில் போகிறார், அப்பா உட்கார்ந்தே இருக்கிறார் என்று. பிள்ளை பேச்சு. இரண்டுமே உண்மைதான்.

பிறகு ஒரு நாள் அவளாகவே என் மேஜைக்கு வந்தாள்.

“மாமாவுக்கு ஒரு வாட்ச் செஞ்சு குடுங்கப்பா. கடலுக்குள்ள நேரம் பாக்கணும்ல?”

அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே என்னிடம் வந்தாள். முள்ளுக்கு ஆரஞ்சு நிறம் அவள்தான் சொன்னாள். இருட்டில் ஒளிர்கிற பெயின்டை ஊசி முனையால் அவளே வைத்தாள். தண்ணீர் போகாமல் புது ரப்பர் வளையம் போட்டு, கிரீஸ் தடவி, வாளியில் மூழ்க வைத்து இரண்டு பேரும் பார்த்தோம். பழையபடி மூச்சைப் பிடித்தோம். ஒரு குமிழ் வரவில்லை. நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான், இப்போதும் சொல்வேன்.

வாட்ச் முடிந்தது. மறுநாள் அவள் மேஜைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கூப்பிட்டேன். அதுதான் முடிந்துவிட்டதே என்றாள். என்னோடு உட்காரவில்லை, அவனுடைய வாட்சோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் பிறந்தநாளுக்கு அவளையே கட்டிவிடச் சொன்னேன். எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை அப்படியே அவனிடம் சொன்னாள். இறங்கும்போது இந்தப் பட்டனை அமுக்கணும், சின்ன வட்டத்தில் இருபது வந்தால் மேலே வந்துவிடணும். அவன் டீச்சர் முன்னால் நிற்பதுபோல் கைகட்டிக் கேட்டுக்கொண்டான். கோகிலா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் கடலில் நடந்ததை ஹாஜா பாய் சொல்லித்தான் தெரியும். இனிமேல் கயிறு ஆட்ட வேண்டாம், என் மருமகள் வாட்ச் கட்டிவிட்டிருக்கிறாள் என்று இவன் எல்லோரிடமும் கையை நீட்டிக் காட்டியிருக்கிறான். முதல் தடவை இறங்கியபோதே வெகுநேரமாகிற மாதிரி இருக்கிறதே என்று பாய் கயிற்றைத் தொட்டாராம். ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்தானே, வருத்தப்படுவான் என்று விட்டுவிட்டாராம். இவன் ஏறினான், தோள் வலிக்கிறது என்றான், திரும்ப இறங்கினான். கரைக்கு வரும்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ராமநாதபுரம் கொண்டுபோய், அங்கிருந்து மதுரை கொண்டுபோனோம். உயிர் இருக்கிறது. கால் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதும் அந்த வாட்சுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

எந்த டயல் போட்டேன் என்றுதானே கேட்க வருகிறீர்கள். முதலில் அறுபதுதான் போட்டிருந்தேன். கவியும் நானும் செய்த வாட்ச் சரியான வாட்ச். அவள் வராத அந்த இரண்டாம் நாள் தனியாக உட்கார்ந்து திறந்து, அறுபதைக் கழற்றிவிட்டு முப்பது எழுதியதை மாட்டினேன். அதுதான் பார்க்க அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டார்ச் பிடிக்க ஆளில்லாததால் வாயில் கவ்விக்கொண்டு மாற்றினேன். அவன் அதை எதற்காகக் கட்டப்போகிறான், என்ன ஆகும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியும். மற்ற எல்லோரிடமும் சொல்வதை இவன் ஒருவனிடம் மட்டும் சொல்லவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை, அதனால் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கிடக்கிறான். நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. இப்போது கவி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவன் கட்டிலை விட்டு நகர்வதில்லை. கஞ்சி ஊட்டுகிறாள். புரட்டிப் போடுகிறாள். நான் பக்கத்தில் போனால், தள்ளுங்க, மாமாவுக்கு வெளிச்சம் மறைக்குது என்கிறாள். அப்பா என்றுகூடச் சொல்வதில்லை.

நேற்று அவனே பேச்சை எடுத்தான். படுத்தே கிடப்பவனுக்கு வேறென்ன வேலை, அந்த வாட்சின் பட்டனை அமுக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்திருக்கிறான்.

“மச்சான், சின்ன முள்ளு பாதிதான் ஓடுது. ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மாப்ள.”

திட்டுவான் என்று நினைத்தேன். கவி அடுப்படியில் இருந்தாள், அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

“கவிக்குத் தெரிய வேணாம் மச்சான். அவ கையால கட்டுனது. தெரிஞ்சா புள்ள தாங்காது. நாந்தான் நேரம் பாக்காம இருந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்களும் சொல்லிராதீக.”

தன் காலை எடுத்தவனிடம் பேசுகிற பேச்சா அது? நான் இரவெல்லாம் யோசித்தேன். என் மகளுக்காக அவன் இதையும் விழுங்கிக்கொள்வான், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அதனால்தான் விடிந்ததும் குளித்துவிட்டு பஸ் ஏறிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். கவியைக் கூப்பிட்டு விசாரிப்பீர்கள், விசாரிக்கத்தான் வேண்டும். அந்த வாட்ச் செய்தது யார், கட்டிவிடச் சொன்னது யார், இருபது என்று சொல்லிக் கொடுத்தது யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் அப்பா என்றுதான் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது நானும் இங்கே ஓரமாக உட்கார்ந்திருக்கலாமா மேடம்? அவள் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.