மாமியாருக்கு ஒடம்பு சரியில்ல

கால ஆட்டாத நைனா! கட்டு போடணுமா வேணாமா? ம்... அப்டியே வெச்சிக்கோ. ஒரு பொய் சொன்னா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலு வந்து மாட்டி வுடும்னு எவளாச்சும் நெனப்பாளா, நீயே சொல்லு!

நான் சித்ராகிட்ட இன்னா கேட்டேன்? "ரெண்டு மணிக்கு வர்ற டூட்டிக்கு ஒரு மணிக்கே வந்துடு, மாமியாவுக்கு ஒடம்பு சரியில்ல, படுத்த படுக்கையா கீது"ன்னேன். அவ்ளோதான். சரிக்கான்னுட்டு வந்தா முடிஞ்சிது. அத வுட்டுட்டு, "அய்யோ பாவங்க்கா, வர்ற வழிதானே காட்டுப்பாக்கத்துல உங்க ஊடு, ஒரு எட்டு பாத்துட்டே வரேன்"னு ஹார்லிக்சும் சாத்துக்குடியும் வாங்கிகினு கெளம்பிட்டா! போன் அடிச்சா எடுக்க மாட்டேன்றா.

எரியுதா? எரியட்டும். சுகர் கால்ல எரிச்சல் தெரிஞ்சா நல்லது, உணர்ச்சி கீதுன்னு அர்த்தம்.

எங்க மாமியா வேம்புலியம்மா எப்டின்ற... லாரித்தண்ணி வந்தா இடுப்புல ஒரு கொடம், கையில ஒரு கொடம்னு ஓடும். வயசுப் பசங்க ஒதுங்கி நிப்பானுங்க. இந்நேரம் வாசல்ல குந்திகினு மீன்காரம்மாவாண்ட மல்லுக்கு நின்னுகினு இருக்கும். படுத்த படுக்கையாம்!

இன்னா முழிக்கிற? பொய் எதுக்குன்னா... உங்கிட்ட மட்டும் சொல்றேன் நைனா, வெளிய போவக் கூடாது. நான் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். ஆமா, நானேதான்! முப்பத்தாறு வயசுல. ரெண்டு வருசமா.

நைட் டூட்டியாக் கேட்டு வாங்கிப்பேன். "கவிப்பிரியாக்காவுக்கு இன்னா மனசு"ன்னு ஊரே மெச்சும். காலைல ஏழரைக்கு டூட்டி முடிச்சி, துணி மாத்திகினு, பஸ்சுல நின்னுகினே தூங்கி, திருமழிசை தாண்டி காலேஜு. ஒரு நாளு கிளாஸ்ல மேடம் எம்பேரச் சொல்லிக் கூப்புடுது, நான் தூக்கத்துல எழுந்து "எந்த பெட்டு?"ன்றேன்! கிளாசே சிரிக்கிது.

பகல் டூட்டி போட்டா எங்க மாமியா படுத்துடும். பாவம் அந்தப் பொம்பள... ரெண்டு வருசத்துல மூணு தபா மயக்கம், ரெண்டு தபா வயித்துப்போக்கு, ஒரு தபா வழுக்கி வுழுந்து இடுப்பு. இடுப்பு கூடுறதுக்குள்ள பரிச்ச வந்துடுச்சி, திருப்பி வுழுந்துச்சி. "நம்ம ஆஸ்பத்திரிலயே சேத்துடுக்கா"ன்னு நம்ம வார்டு ஆம்பள நர்சு கோபி பிரதரு கேட்டான். அதுக்கு இங்கிலீசு மருந்து ஒத்துக்காதுன்னேன். நர்சு ஊட்டு மாமியாவுக்கு!

நேரா சொன்னா இன்னான்றியா? ஈசியா கேட்டுட்ட. ஆறு வருசம் முன்ன கவர்மென்ட்டு நர்சு பரிச்ச எழுதினேன். கிழிச்சிட்டேன்னு ஒரு திமிரு. ரிசல்ட்டு வர்றதுக்கு முந்தியே ஆஸ்பத்திரி பூரா லட்டு குடுத்தேன், வாட்ச்மேன் வரைக்கும். அப்புறம் வந்துச்சி ரிசல்ட்டு. எம்பேரு இல்ல. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல நைனா. அதான் வலிச்சிது. கேன்டீன்ல நான் போனா டக்குனு பேச்ச மாத்துவாங்க. இனிமே பாசான பேப்பரு கையில வந்தாதான் வாயத் தொறக்கிறதுன்னு அன்னிக்கி முடிவு பண்ணேன்.

இன்னிக்கி ரெண்டு மணிக்கு வைவா. உன்ன மாதிரி அறுவது சுகர் காலுங்களப் பாத்து எழுதின ஆராய்ச்சி, வெளியூரு மேடம் ஒண்ணு வந்து கேள்வி கேக்கும். போவலன்னா இன்னும் ஆறு மாசம். இன்னும் ஆறு மாசத்துக்கு எங்க மாமியாவுக்கு நான் இன்னா வியாதி வெக்கிறது? எல்லாம் தீந்துபோச்சி!

மணி ஒண்ணு அஞ்சு... தோ வரா பாரு. கையில பை இல்ல. குடுத்துட்டா. மாட்னேன். நைனா, நீ தூங்குற மாதிரி கண்ண மூடிக்கோ.

வாடி சித்ரா... ஆன்ட்டி எப்டி கீது? ...மீன்காரம்மாவாண்ட சண்டையா? ஹி... ஒடம்பு முடியாமயே எழுந்து... தோ பாரு, நான் வேணும்னு... இன்னா? வைவாவா? வைவாவுக்கு நேரமாச்சா? உனுக்கு எவ சொன்னா?

போன வருசத்துலேர்ந்தா!

யாரு, பதினாலாம் பெட்டு தாத்தாவா? உங்கிட்ட மட்டும்னு சொல்லித்தானேடி சொன்னேன்! ...ஏழாம் பெட்டு ஆட்டோக்காரருமா? ...குடலெறக்க ஆபரேசன்காரரா? அவுரு மயக்கத்துல இருந்தாருடி! நைனா, கண்ணத் தொற. உனுக்கும் தெரியுமா? அட்மிட் ஆன அன்னிக்கே பக்கத்து பெட்டுல சொல்ட்டாங்களா? அப்புறம் இன்னாத்துக்கு வாயப் பொளந்துகினு கேட்டுகினு இருந்த?

அப்ப டூட்டி மாத்திக்கினதுக்கு நோட்டுல கையெழுத்து போட்டீங்களே, எல்லாம் தெரிஞ்சேவா? கோபியுமா? ரெண்டாவது இடுப்புக்குமா? ஏண்டி ஒருத்தரும் வாயத் தொறக்கல... நானா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னா? நான் தாங்க மாட்டேன்னா?

அழுவ வருதுடி எனக்கு. சத்தியமா அழுவ வருது. இத்தினி நாளு நீங்கல்லாம் என்னத் தூக்கினு வந்துகிறீங்க, நான் எம்பாட்டுக்கு தனியா ஓடுறேன்னு நெனச்சிகினு...

ஆமா, தெரிஞ்சிதான் போனன்னா ஹார்லிக்சு எதுக்குடி வாங்கின? ...இத்தினி வியாதி பாத்த பொம்பளைக்கி ஒண்ணுமே குடுக்கலன்னா நல்லாருக்காதா! அடிப்பாவி!

போறேன், போறேன், தள்ளாதடி. நைனா, கட்டுல தண்ணி பட வுடாத. சித்ரா, அவுரு சாப்புடறதுக்கு முன்ன இன்சுலின் ஊசி, மறந்துடாத. கோபிகிட்ட சொல்லு... சரி, நீயே சொல்லு, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே.

இன்னா நைனா? பெயிலாப் போனா இன்னா பண்ணுவேனா? நல்ல வாயிதான் உனுக்கு! பெயிலாப் போனா நாளைக்கி உங் கால் கட்ட அவுக்கும்போது சொல்றேன் போ. உனுக்கு மட்டும் இல்ல. வார்டு பூரா கேக்குற மாதிரி.