மிஸ் லாண்டரி பாதியில் எழுந்து போன பாடம்

— இந்தக் கோட்டுல கறையே இல்லையே, ஐயா. எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க பார்ப்போம்.

— இருக்கும், நல்லாப் பாருங்க. காலர்கிட்ட.

— காலரையும் பார்த்தாச்சு, கையையும் பார்த்தாச்சு, கண்ணாடி போட்டும் பார்த்தாச்சு. கடையில வாங்கி அப்படியே கொண்டுவந்த மாதிரி இருக்கு. இதை வெளுத்து நான் என்ன பண்ண?

— அப்ப இஸ்திரியாவது போட்டுக் கொடுங்க, மிஸ் லாண்டரி.

— என்ன... என்ன சொன்னீங்க?

— மிஸ் லாண்டரி.

— ஐயையோ! இங்கிலீஷ் வகுப்புல அந்தப் பேரை வச்ச டீச்சரம்மாவே போய்ச் சேர்ந்துட்டாங்களே. இருங்க, இப்படி வெளிச்சத்துக்கு வாங்க. மிஸ்டர் பேக்கரா?

— அதே ஆள்தான். மாவு மூட்டை தூக்கித் தூக்கி முதுகு வளைஞ்சுபோச்சு, தலையில இருந்ததும் போயிடுச்சு. மத்தபடி அதே ஆள்தான், பாருங்களேன்.

— சும்மா சொல்லக்கூடாது, குரல் மட்டும் அப்படியே இருக்கு. உக்காருங்க. அந்தப் போர்வை மூட்டையைத் தள்ளிட்டு உக்காருங்க, அழுக்கு இல்லை, துவைச்சதுதான்.

— உக்கார நேரமில்லை. நாளைக்குக் காலையில ஊரை விட்டுப் போறேன், தங்கச்சி வீட்டோட போய் இருக்க. பேக்கரிச் சாவியையும் கொடுத்தாச்சு. போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போயிடணும்னு கடையைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்தேன். கோட்டு வெறும் சாக்கு.

— எனக்கு அப்பவே தெரியும், கறை இல்லாத துணியைக் கொண்டுவர்ற ஆளு வேற எதுக்கோதான் வருவாரு. கேளுங்க.

— ஏன் சொல்லாமக் கொள்ளாம வகுப்பை விட்டுப் போனீங்க?

— அட, அதுவா! அதெல்லாம் எந்தக் காலத்துக் கதை, விடுங்க. வகுப்பு நடந்த அந்த டயர் கடை மாடி இருக்கே, படி ஏறும்போதே ரப்பர் நாத்தம் மூக்கைத் துளைக்கும், ஞாபகம் இருக்கா?

— இல்லாம? நீங்க வந்து உக்காந்ததும் சோப்பு வாசனை வரும், ரப்பர் நாத்தம் ஓடிப்போயிடும். எனக்கு இன்னைக்கும் இங்கிலீஷ்னா சோப்பு வாசனைதான்.

— உங்ககிட்ட ரொட்டி வாசனை. நான் பாவம், மத்தியானம் சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடி வந்திருப்பேன். டீச்சரம்மா 'ஹவ் ஆர் யூ'ன்னு கேட்டா, 'ஐ ஆம் ஹங்கிரி'ன்னுதான் வாயில வரும்.

— மறுநாள்லேருந்து பையில பன் கொண்டுவந்தேனே.

— கொண்டுவந்தீங்க. 'தாங்க் யூ' சொன்னாத்தான் கைக்கு வரும். 'யூ ஆர் வெல்கம்'னு இழுத்து இழுத்துச் சொல்றதுக்குள்ள பன் ஆறிடும்.

— நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஜோடி ஜோடியாப் பேசிப் பழகுங்கன்னு நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல போட்டாங்க பாருங்க, அது டீச்சரம்மா பண்ணின புண்ணியம். நீங்க டாக்டர், நான் நோயாளி. நீங்க காய்கறிக்காரம்மா, நான் பேரம் பேசுற ஆளு.

— நீங்க ஸ்டேஷன் மாஸ்டர், நான் வெளியூர் போற பொம்பளை. 'எக்ஸ்கியூஸ் மீ, வென் இஸ் த நெக்ஸ்ட் ட்ரெயின்?'

— 'ஐ ஆம் சாரி, மேடம். தேர் இஸ் நோ ட்ரெயின் டுடே.'

— பார்த்தீங்களா! ஒரு நாளாவது ரயிலை விட்டிருக்கீங்களா? எப்பக் கேட்டாலும் இன்னைக்கு ரயில் இல்லைன்னே சொல்லுவீங்க.

— விட்டா நீங்க ஏறிப் போயிடுவீங்களே.

— அட போங்க! இந்த வயசுல பேச்சைப் பாரு.

— சரி, அந்த இங்கிலீஷ் உங்களுக்குப் பயன்பட்டுச்சா?

— பயன்படாமலா? முதமுதல்ல மருந்துக் கடைக்குப் போயி, 'டூ யூ ஹாவ் எனிதிங் ஃபார் கஃப்?'னு கேட்டேன். அந்த ஆளு திருப்பிக்கூடக் கேக்கலை, புரிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். மருந்தை வாங்காமலே வீட்டுக்கு ஓடி வந்துட்டேன். ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டே சிரிச்சேன்.

— என் கதை வேற. பேக்கரிக்கு இன்ஸ்பெக்டர் வந்தாரு. எனக்கு இங்கிலீஷ் காட்டணும்னு ஆசை. 'ப்ளீஸ் கம் திஸ் வே'ன்னு பணிவாச் சொல்லி, எலி ஓடுற கிடங்குக்கே நேராக் கூட்டிட்டுப் போயிட்டேன். முதலாளி என்னை வெட்டிப் போடாததுதான் பாக்கி.

— ஐயையோ, வயிறு வலிக்குது. போதும், சிரிக்க வைக்காதீங்க.

— வீட்டுக்காரரு எங்க, கடையில இல்லையா?

— அவர் போயி ரொம்ப நாளாச்சு. தங்கமான மனுஷன். இந்தக் கடையே அவர் வச்சுக் கொடுத்ததுதான். பொண்ணு வெளியூர்ல இருக்கா, ஃபோன்ல படபடன்னு இங்கிலீஷ்ல பேசுறா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டு பதில் சொல்லுவேன்.

— பேச்சை மாத்திட்டே போறீங்க. அப்ப நீங்க வேலை பார்த்த ஆஸ்பத்திரி கேட்டுக்கு நான் எத்தனை தடவை வந்தேன் தெரியுமா? லாண்டரியில கேட்டா, 'அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிடுச்சு'ன்னாங்க.

— நான் எங்கயும் போகலை. உள்ளதான் இருந்தேன், மலை மாதிரிக் குவிச்ச பெட்ஷீட்டுக்குப் பின்னாடி. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

— ஏன்?

— ஏன்னா? கல்யாணம் ஆன மனுஷன் என்னைத் தேடி வாசல்ல வந்து நின்னா ஊர் என்ன பேசும்?

— யாரு கல்யாணம் ஆன மனுஷன்?

— மழுப்பாதீங்க. 'மை ஃபேமிலி' பாடத்தன்னைக்கு நீங்களேதானே எழுந்து நின்னு சொன்னீங்க? 'ஐ ஹாவ் எ வைஃப்'னு. ஒரு தடுமாத்தம் இல்லாம, அட்சர சுத்தமா.

— சொன்னேன்.

— சொன்னீங்கல்ல? அது வரைக்கும் நான் ரெண்டு பஸ் மாறி வந்து அந்த மாடிப்படி ஏறுனது இங்கிலீஷுக்குன்னு நினைச்சீங்களா? இப்பச் சொல்றதுக்கு என்ன, தலை நரைச்சாச்சு. உங்களுக்காகத்தான் வந்தேன். அன்னைக்கு நல்ல புடவையாப் பார்த்துக் கட்டிக்கிட்டு வேற வந்திருந்தேன், பைத்தியக்காரி.

— நீலப் புடவை.

— அதை விடுங்க. 'வைஃப்'ங்கிற வார்த்தை காதுல விழுந்ததும் பையை எடுத்துக்கிட்டு, சத்தம் காட்டாமப் படியிறங்கிட்டேன். பஸ்ஸுலகூட ஏறலை, அழுதுக்கிட்டே நடந்தேதான் வீட்டுக்குப் போனேன். கேள்வி கேட்டீங்க, பதில் சொல்லியாச்சு. உங்க வீட்டம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க.

— எனக்கு வீட்டம்மான்னு யாரும் இல்லைங்க. அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை.

— என்ன விளையாடுறீங்களா?

— பாருங்களேன், அப்ப எனக்கு பேக்கரி அடுப்புக்கு மேல ஒரு ரூம், கூட வேலை பார்த்த மூணு பசங்களோட. அம்மா அப்பா ரெண்டு பேரும் போயாச்சு, தங்கச்சி எங்கயோ தூரத்துல. வகுப்புல ஒவ்வொருத்தரும் எழுந்து அம்மா, அண்ணன், குழந்தைன்னு சொல்றாங்க. நான் யாரைச் சொல்ல? மனசுல ஒரு ஆசை இருந்துச்சு. தமிழ்ல சொல்லலாம்னா நாக்கு ஒட்டிக்கிச்சு. இங்கிலீஷ்ல சொன்னா, பிடிக்கலைன்னாலும் பாடம்தானேன்னு தப்பிச்சுக்கலாம்னு, அடுப்பு முன்னாடி நின்னு நின்னு பழகிட்டு வந்தேன்.

— என்ன பழகினீங்க?

— பயத்துல கண்ணை மூடிக்கிட்டுத்தான் சொன்னேன். கண்ணைத் திறந்தா உங்க நாற்காலி காலி. நான் சொன்னது பிடிக்காமத்தான் எழுந்து போயிட்டீங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். தப்பாச் சொல்லியிருந்தா மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னுதான் இன்னைக்கு வந்ததே.

— சரியாச் சொல்லுங்க. நான் படியிறங்கினப்புறம் என்ன சொன்னீங்க?

— 'ஐ ஹாவ் எ வைஃப்'. அதுதானே உங்க காதுல விழுந்தது? அடுத்த வாக்கியம், 'ஷி வொர்க்ஸ் இன் த ஹாஸ்பிடல் லாண்டரி'.