தனியாக விற்ற இரண்டு கோடுகள்

மேலே கண்ட முகவரியில் என் கணவருடன் குடியிருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. கீபோர்டு விசைகளின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகளைச் செட்டுச் செட்டாக விற்கும் கம்பெனியில் ஆறு வருடமாகப் பேக்கிங் பொறுப்பாளராக இருக்கிறேன். இந்தக் காவல் நிலையத்தில் என் மேல் புகார் கொடுத்திருப்பவர் அதன் முதலாளி. தன்னை டிசைனர் என்று கூப்பிடச் சொல்வார். பேக்கிங்கில் நாங்கள் மூடியார் என்போம். அவர் ஒற்றை விரலால், கீபோர்டைக் குனிந்து பார்த்துத்தான் டைப் அடிப்பார் என்பதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கம்பெனியில் எதையும் முழுசாக விற்பதில்லை. எழுத்துகள் இருப்பது பேஸ் கிட். வலது பக்கத்து எண்கள் வேண்டுமென்றால் அது தனி கிட். ஸ்பேஸ்பார் வேறு நிறத்தில் வேண்டுமென்றால் அது இன்னொன்று. எஸ்கேப் விசையில் பூனைப் படம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கிட் உண்டு. எழுத்தே அச்சிடாத வெற்று மூடிகளுக்குத்தான் இருப்பதிலேயே விலை அதிகம், அதையும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். விளம்பரத்தில் பேஸ் கிட்டின் விலையை மட்டும் பெரிதாகப் போடுவதால் அது ஆயிரத்தைத் தொடக் கூடாது என்பது மூடியாரின் கொள்கை. தொடும்போலத் தெரிந்தால் அதிலிருந்து எதையாவது உருவி வேறு கிட்டில் போடுவார்.

இந்த வருட ஆரம்பத்தில், உருவுவதற்கு வேறொன்றும் கிடைக்காமல், எஃப், ஜே என்ற இரண்டு விசைகளின் மேல் கை வைத்தார். கீபோர்டில் இந்த இரண்டில் மட்டும் சிறிய கோடு ஒன்று மேடாக இருக்கும். பார்க்காமல் அடிப்பவர்களின் விரல் அதைத் தடவித்தான் தன் இடத்தைப் பிடிக்கும். பேஸ் கிட்டில் கோடில்லாத ஜோடியைப் போட்டுவிட்டு, கோடுள்ள ஜோடியை டச் கிட் என்று தனியாக, பேஸ் கிட்டின் கால்வாசி விலைக்கு விற்கச் சொன்னார். கோட்டை எடுத்ததால் பிளாஸ்டிக்கில் மிச்சமானது ஒன்றுமில்லை. நான் கேட்டதற்கு, "பார்த்து அடிக்கறவனுக்கு கோடு எதுக்கு? வேணுங்கறவன் வாங்கிக்கட்டும்" என்றார். நானும் அப்படியே பேக் செய்தேன்.

என் கணவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தட்டச்சர். ஹெட்போனில் கேட்பதை அடிப்பார். போன மாதம் பதினான்காம் தேதி அவருக்கு வேலை நிரந்தரமாவதற்கான தேர்வு இருந்தது. சொந்தக் கீபோர்டு கொண்டுபோகலாம். அவருடையதில் மூடிகள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. அன்று காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், ஊழியர் தள்ளுபடியில் வாங்கி வைத்திருந்த பேஸ் கிட்டை மாட்டிப் பையில் வைத்து அனுப்பினேன். கை வைத்ததும் புதுசு என்று தெரிந்து சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்தக் கிட்டை ஆயிரக்கணக்கில் பேக் செய்தவள் நான். கோடு இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குக் கண் தெரிவதால் அது மண்டையில் உறைக்கவில்லை. மூடியாரை முட்டாள் என்று சொல்லும்போது என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதன் பிறகு தேர்வில் அவர் கீபோர்டின் ஓரத்தைத் தடவி இடம் பிடித்து, மூன்று வரி சரியாக அடித்து, நழுவிய ஹெட்போனைச் சரிசெய்யக் கையை எடுத்து, திரும்ப வைக்கும்போது ஒரு விசை தள்ளி வைத்துவிட்டார். சொல்கிற குரல் நிற்காமல் ஓடியது. மீதிப் பக்கம் முழுவதும் குப்பை. வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து ஜே விசையின் மேல் வைத்து, "கோடு எங்க போச்சு?" என்று கேட்டார். அதைத் தனியாக விற்கிறோம் என்றேன். "விரலுக்குத் தனி டிக்கெட்டா?" என்று சிரித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவருடைய மேலாளரைப் போய்ப் பார்த்தோம். மூடியைத் தேர்வுக்குப் பிறகுகூட நீங்கள் மாற்றியிருக்கலாம், அதனால் கோடில்லாமல்தான் விற்கிறோம் என்று தயாரித்தவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் இந்த மாதம் இருபத்தைந்துக்குள் மறுதேர்வு வைக்கலாம் என்றார். மூடியாரிடம் மூன்று முறை போய் நின்றேன். எழுதிக் கொடுத்தால் பொருளில் குறை இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். மூன்றாவது முறை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கோடுள்ள முழு செட்டைப் பார்வையற்றோர் ஸ்பெஷல் என்று இரட்டை விலைக்கு விற்கலாம் என்றார். "உங்க வீட்டுக்காரர் கருப்புக் கண்ணாடி போட்டு ஒரு போட்டோ குடுப்பாரா? பெட்டி மேல போடலாம்" என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கணவரிடம் நான் கேட்கவில்லை.

அதன் பிறகு மூன்று நாள் மதிய இடைவேளையில், அனுப்பத் தயாராக இருந்த நூற்றுப் பன்னிரண்டு பேஸ் கிட் பெட்டிகளைத் திறந்து, டச் கிட்டில் இருந்த கோடுள்ள ஜோடியை வைத்தேன். கோடில்லாததை டச் கிட் பெட்டிகளில் போட்டு ஒட்டினேன். ஒரு மூடிகூட என் பைக்குள் போகவில்லை. நான்காம் நாள் எல்லாம் வண்டியில் ஏறிப் போனது. டச் கிட் வாங்கிய ஒருவர் வழவழ மூடி வந்திருப்பதாகச் சண்டை போட்ட பிறகுதான் முதலாளி கேமரா பதிவைப் பார்த்து, நான் திருடியதாக இங்கே புகார் கொடுத்திருக்கிறார்.

அந்தப் புகாரை இன்று இருபத்திரண்டாம் தேதி காலை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில், "எங்கள் பேஸ் கிட்டில் ஜனவரி முதல் கோடில்லாத எஃப், ஜே மூடிகள் மட்டுமே வைத்து விற்கப்படுகின்றன" என்று இருக்கிறது. கீழே அவர் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் இருக்கின்றன. இப்படி அவரை எழுத வைக்கத்தான் மூடிகளை மாற்றினாயா என்று அதிகாரி கேட்டார். அவ்வளவு புத்தி எனக்கில்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற முதலாளி தயார் என்றும் சொன்னார்கள். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும். எனக்கு அதன் நகல் மட்டும் வேண்டும்.

இதில் உள்ளது நடந்தது நடந்தபடியே நான் சொன்னது. வாசிக்கக் கேட்டேன், மாற்ற எதுவுமில்லை.

(கையெழுத்து)

புகாரின் நகல் ஒரு பக்கம், முத்திரையுடன், பெற்றுக்கொண்டேன்.

(கையெழுத்து)