நெமேசியாவின் கயிறு

புல்லில் திரித்த கயிறு படத்தில் எப்போதும் புத்தம் புதிதாகத்தான் தெரியும். நேரில் சாம்பல் பூத்துக் கிடப்பதைக்கூட எங்கள் மலை வெயில் பொன்னாகக் காட்டிவிடும். வெட்டாத பதிவுகள் வேண்டும் என்று கேட்டுத் தலைநகரிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள். தருகிறேன். எதையும் நான் அழிக்கவில்லை. அழிக்கிற ஆள் நான் இல்லை.

ஆற்றின் மேல் புல்பாலத்தை வருடா வருடம் புதிதாகக் கட்டுகிறோம். ஒவ்வொரு வீடும் கயிறு திரித்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத வீட்டுக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சு கிடையாது, மேய்ச்சலும் கிடையாது. அந்த வருடம்தான் ஆய்வாளர் லுஸ்மிலா கேமராவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எங்கள் வாழ்க்கையை நாங்களே படம் பிடிக்க வேண்டும், படத்தில் வருகிறவர் சரி என்றால்தான் அந்தக் காட்சி இருக்கும் என்பது அவருடைய ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

ஒரு மாதம் ஓடி ஓடிப் படம் எடுத்தேன். என் மனைவி இறந்து போனவள். புல் அறுக்க வேறு யார் இருக்கிறார்கள்? கொட்டகையில் போன வருடம் மிஞ்சிய கயிறு கிடந்தது. அதை நனைத்து, மேலே ஒரு சுற்று பச்சைப்புல் சுற்றினேன். பார்வைக்கு அருமையாக இருந்தது.

பாலத்தின் பக்கவாட்டுக் கயிறுகளைக் கட்டிக்கொண்டிருந்தவன் மெல்ச்சோர். அவனும் அவன் மனைவி நெமேசியாவும் என் மகளுக்கு ஞானப்பெற்றோர். அந்த உறவில் அவர்கள் என்னைக் கொம்பாத்ரே என்பார்கள். நான் அவளைக் கொமாத்ரே என்பேன். கேமராவை முக்காலியில் ஓடவிட்டு, என் கயிற்றை நானே கொண்டுபோய் அவனிடம் கொடுத்தேன்.

"என்ன கொம்பாத்ரே, படம் புடிக்கிற கையால கயிறுமா திரிச்ச? அழகா தெரியணும்னு பவுடர் பூசிட்டியா?" என்று சிரித்தான்.

"வாயைக் கொறச்சு முடிச்சைப் போடுய்யா," என்றேன்.

போட்டான். கொஞ்ச நேரம் கழித்து அதில் முதுகைச் சாய்த்தான். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

யார் வீட்டுக் கயிறு என்று ஊர் கேட்டது. அறுந்த கயிறு ஆற்றோடு போய்விட்டது. கேமராவில் இருக்குமே என்று யாரோ சொன்னார்கள். பயந்துபோனேன், மறைக்கமாட்டேன். தெரிந்திருந்தால் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் மகளையும் ஊரைவிட்டே துரத்தியிருப்பார்கள்.

படத்தைக் கோர்ப்பதும் என் வேலைதான். பாலம் கட்டும்போது பெண்கள் ஆற்றருகே வரக்கூடாது. அதனால் நெமேசியா மேட்டில் நின்றபடி தன் கயிற்றைக் கணவனிடம் கொடுத்த காட்சி ஒன்று இருந்தது. அதை வைத்தேன். அடுத்து அவன் முடிச்சுப் போடுவதை வைத்தேன். நடுவில் நான் வருவதை எடுத்துவிட்டேன். கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. இரண்டும் நடந்தவைதானே.

பள்ளிக்கூடச் சுவரில் ஊருக்கே போட்டுக் காட்டினோம்.

"அது என் கயிறா? அன்னிக்கு அறுத்த புல்லாச்சே," என்றாள் நெமேசியா.

"உன் கைதானேடி தெரியுது," என்றாள் மெல்ச்சோரின் அக்கா.

நெமேசியா மூன்று முறை திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது முறை பார்த்த பிறகு, "ஆமா, கடைசிப் பிடியைத் திரிக்கையில அசதியா இருந்துச்சு. அதுலதான் கோட்டை விட்டிருப்பேன்," என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே ஞாபகப்படுத்திக்கொண்டாள்.

"இதை எடுத்துடலாம் அக்கா," என்றார் லுஸ்மிலா, நெமேசியாவிடம்.

"வேணாம்மா, இருக்கட்டும். பாத்தாத்தான் மத்த பொண்ணுங்க கவனமா திரிப்பாளுங்க."

அன்றைக்குப் பிறகு அவள் எதையும் திரித்ததில்லை, பின்னியதில்லை. இங்கே எந்தப் பெண்ணும் செய்யாத மாதிரி, தலைமுடியை விரித்துப் போட்டபடி தெருவில் நடக்கிறாள். யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அவளுடைய உருளைக்கிழங்கு வயலை இரண்டு வருடமாக நான்தான் உழுது கொடுக்கிறேன்.

வெட்டியெடுத்த பகுதியைச் சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிடுவேன். மெல்ச்சோர் சிரிப்பான். நிறுத்தினால் திறந்த வாயோடு என்னையே பார்ப்பான். எல்லாவற்றையும் அணைத்து மூடிவைத்த பிறகும் பவுடரைப் பற்றிப் பேசுகிறான். பாவி, செத்தும் வாய் ஓயவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

போன மாதம் நெமேசியா வந்தாள். "கொம்பாத்ரே, என்னைப் பேசவச்சுப் படம் புடி. எம் புருசனை என் கையே கொன்னுச்சுன்னு நானே என் வாயால சொல்லணும். மனசு ஆறமாட்டேங்குது."

அவனைக் கொன்றது என் கயிறு. அது எனக்குத் தெரியும். கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அவள் சொல்லி முடித்து அழுதாள். அன்று காற்று பலமாக இருந்தது.

"கொமாத்ரே, காத்து சத்தம் விழுந்திருச்சு. இன்னொருக்கா சொல்லு," என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயில்லாட்டி இந்தப் பாரத்தை யார்கிட்டப் போய் எறக்குவேன்?" என்றாள்.

உண்மைதான். எனக்குத்தான் அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை.