என் குப்பைமேட்டில் பூத்த பச்சைப் பூசணம்

தலைமை ஏற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் மிளகு விவசாயிகள் சங்கத் தலைவர் ஆரோக்கியதாஸ் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! காப்பிக்காட்டு வேலை முடித்து, கால் கழுவியும் கழுவாமலும் ஓடிவந்திருக்கும் என் தாய்மார்களே! நாகலூர்க் குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே! முன்வரிசையில் உட்கார்ந்தும் என் முகம் பார்க்காத கோவிந்தராஜ் அவர்களே! அனைவருக்கும் தலைச்சோலை அத்தாயியின் வணக்கமுங்க.

சிரிக்காதீங்க. அவரை ஏன் தனியாக அழைத்தேன் என்பது இப்போது விளங்கும்.

மண் என்பது என்ன? மிதிபடும் தூசியா? மழையில் கரையும் சேறா? அதற்குள் ஓர் ஊரே குடியிருக்கிறது! வேரை அழுக வைக்கும் பூசணமும் அங்கேதான். அந்தப் பூசணத்தைப் பிடித்துத் தின்னும் நல்ல பூசணமும் அங்கேதான். டிரைக்கோடெர்மா என்று அதற்குப் பேர். வாயில் நுழைய எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த என் மிளகுக்கொடிகள் நின்ற நிலையில் வாடின. இலை உதிர்ந்தது, கொடி கணு கணுவாகக் கழன்றது. மிச்சக் கொடிகளும் போனால் என் மருமகள் வள்ளி பழையபடி எஸ்டேட்டில் கூலிக்கு நிற்க வேண்டும். அந்தப் பயத்தில் அந்த நல்ல பூசணத்தின் பொடியை வாங்கி வந்து, சாணத்தோடும் வேப்பம்புண்ணாக்கோடும் கலந்து, பலாமர நிழலில் குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடினேன். சில நாளில் பச்சைப்பசேல் என்று பூத்தது பாருங்க...

என்ன வீராயி? "பூசணத்தப் போயிப் பூங்கிறியே அக்கா"வா? ஆமாம் கண்ணு, எனக்கு அது பூதான்!

நான் சந்தைக்குப் போன நேரம். மேல்தோட்டத்துக் கோவிந்தராஜ் அந்த வழியே வந்தார். பச்சையைப் பார்த்தார். "அடடா, அத்தாயி குப்பை பூசணம் புடிச்சிருச்சே" என்று பரிதாபப்பட்டு, கையிலிருந்த, எந்தப் பூசணத்தையும் கொல்லும் மயில்துத்தக் கலவையைக் குவியல் முழுக்க ஊற்றிவிட்டார்! திரும்பி வந்தவளிடம், "ஏனுங்க அத்தாயி, உங்க வேலையை முடிச்சுட்டேனுங்க" என்று சிரித்தார். முடித்துத்தான் விட்டார்!

அதற்கப்புறம் அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணை மனதார வாழ்த்தினேன். பந்தியில் உட்காரவில்லை.

ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன். பூசணம் கண்டால் துத்தம், புள்ளி கண்டால் துத்தம்! இந்த மலை அப்படித்தானே பழகியிருக்கிறது? காப்பாற்ற வந்ததையும் கொல்ல வந்ததையும் ஒரே வாளியால் அழிக்கிறோமே, ஒரு நிமிஷம் நின்று கேட்டோமா?

போன வருஷம் மறுபடி குவித்தேன். மழைக்கு முந்தியே வேரடியில் போட்டேன். வாடிய கொடியை அது பிழைக்க வைக்காதுங்க, பொய் சொல்ல மாட்டேன். வாடாத கொடிகள் நின்றன. அவர் வேலியோரத்தில் இருந்த என் வரிசை மட்டும் வாடிப் போயிற்று. ஏன்? அவர் வேரடியில் ஊற்றும் துத்தம் மழைத்தண்ணியோடு என் மண்ணுக்கு இறங்கி நல்ல பூசணத்தைக் கொல்கிறது. அவர் தோட்டத்து நோயும் அதே தண்ணியில்தான் இறங்குகிறது. சரிவில் குடியிருக்கும் நமக்குத் தனித்தோட்டம் ஏது? தனிமண் ஏது? தனிநோய்தான் ஏது?

ஆகவே சபையறியக் கேட்கிறேன். கோவிந்தராஜ், இந்த மழைக்கு வேலியோர மண்ணில் துத்தம் ஊற்றாதீங்க. என் குவியலில் பாதியை அள்ளி உங்கள் கொடிக்குப் போடுங்க.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? சத்தமாய்ச் சொல்லுங்க, பின்னாடி தாய்மார்களுக்குக் கேட்கவில்லை. "அன்னைக்கே பூசணம் நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க"வா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்!

என்ன? "ஊத்தலீங்க, கூடை எடுத்துட்டு வர்றேன்"னா? கேட்டீங்களா எல்லாரும்? நான் மறக்க மாட்டேன், நீங்களும் மறக்காதீங்க!

கூட்டம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறதாம். கோவிந்தராஜ், உங்கள் பக்கத்து இலையில் உட்காருகிறேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீங்க. வேலியோரக் கொடி தழைக்கட்டும், அதை அப்புறம் பார்ப்போம்.

பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி. நம் காலடியில் கண்ணுக்குத் தெரியாமல் காவல் இருக்கும் அந்த உயிருக்கும் சேர்த்து வணக்கமுங்க.